விருந்துக்கு எடுத்துச் செல்லும் இனிப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசையைப் பற்றிப் பேசுவோர் உண்டு. நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ சமையற்கட்டைச் சேர்ந்தது. விருந்துக்கு அழைக்கப்பட்ட ஒரு குடும்பம் கையில் என்ன இனிப்பை எடுத்துச் செல்வது? இலேசானதாக, சர்க்கரை குறைந்ததாக, அல்லது சர்க்கரையே இல்லாததாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? இதுவே இன்றைய பொருள். நாம் மருத்துவர் அல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆயினும் கூட்டலும் வகுத்தலும் அறிந்தவர்க்கு இப்பொருளில் பாதி விளங்கிவிடும். மற்றப் பாதி, மருத்துவ உலகம் ஐயமின்றிச் சொல்லியிருப்பவை.

கரக்பூர் ரயில்வே காலனியில் வாழும் நமக்கு விருந்துகளுக்குக் குறைவில்லை. பொங்கல் வருகிறது, சித்திரைப் புத்தாண்டு வருகிறது, நவராத்திரி வருகிறது. யாரேனும் ஓய்வு பெற்றால் ஒரு விருந்து, யாரேனும் மாற்றலாகிப் போனால் ஒரு விருந்து. ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பாத்திரம் கொண்டு வருவது நம் காலனியின் நல்வழக்கம். ஆந்திர நண்பர்கள் வருகிறார்கள், ஒடியா நண்பர்கள் வருகிறார்கள், வங்காளியர் வருகிறார்கள். மூடிகளைத் திறந்து பார்த்தால் நடப்பது என்ன? பத்து வீட்டுப் பாத்திரத்தில் ஏழு இனிப்பாகவே இருக்கின்றன. கேசரி, மைசூர்பாகு, பாயசம், ரசகுல்லா, கோல் பஜாரில் வாங்கிய சந்தேஷ், மறுபடியும் ஒரு கேசரி! இனிப்பு கொண்டு சென்றால்தான் மரியாதை என்று நாம் நினைக்கிறோம். அந்நினைப்பு அன்பிலிருந்து பிறந்தது, அதில் குற்றமில்லை. ஆனால் அந்த அன்பு யாருக்குப் போய்ச் சேருகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடத்தப்பெற்ற பேராய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு உடையோர் என்றும், 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் முன்நிலையில் இருப்பவர் என்றும் அது மதிப்பிட்டது. நகரங்களில் மட்டும் பார்த்தால், வயது வந்தவர் 100 பேரில் 16 பேருக்கு நீரிழிவு. இக்கணக்கை நம் கூடத்துக்குப் பொருத்திப் பாருங்கள். பெரியவர் 50 பேர் கூடும் விருந்தில் எட்டுப் பேர் நீரிழிவாளராக இருக்கக்கூடும். அவர்களிற் சிலர் வெளியே சொல்லுவார்; சிலர் சொல்லார்; சிலருக்குத் தமக்கே தெரியாது. ஏழு பாத்திர இனிப்புக்கு முன்னே அந்த எட்டுப் பேரும் என்ன செய்வர்? ஒன்று, ஆசையை அடக்க மாட்டாமல் உண்டுவிட்டு மறுநாள் துன்புறுவர். அல்லது, இலை போடுமுன் ஏதோ காரணம் சொல்லி வீட்டுக்குப் போய்விடுவர். பின்னது உடலுக்கு நன்று. ஆனால் அயலூரில் வாழும் சிறு கூட்டமாகிய நமக்கு அது நட்டம் அன்றோ? மூத்தவர்கள் பந்தியை விட்டு ஒதுங்கத் தொடங்கினால், சங்கம் என்ற சொல்லின் பொருளே குறைந்துவிடும்.

இனி, அளவைப் பார்ப்போம். உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு முதலியவற்றின் இனிப்பு ஒருவர் உண்ணும் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மேலும் நன்மை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. அந்த 5 சதவீதம் என்பது நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. இப்போது நம் கேசரிக்கு வருவோம். அரைக் கிலோ சர்க்கரை போட்ட கேசரியை 20 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 25 கிராம். நாள் முழுவதற்கும் உரிய அளவு ஒரே கரண்டியில் முடிந்தது! காலைக் காப்பியும் மாலைத் தேநீரும் இன்னும் கணக்கில் வரவில்லை. இது நீரிழிவு இல்லாதவர்க்கும் பொருந்தும் கணக்கு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

"அப்படியானால் நாங்கள் சர்க்கரை போடுவதில்லை, வெல்லம் போடுகிறோம்" என்று தாய்மார்கள் சொல்லுவது நம் காதில் விழுகிறது. இங்கேதான் பெரிய மயக்கம் இருக்கிறது. ஊருக்குப் போய் வருவோர் கருப்பட்டி கொண்டு வருகின்றனர். நம் வங்காள அண்டை வீட்டார் குளிர்காலத்தில் ஈச்ச வெல்லம் வாங்குகின்றனர்; அவர்கள் "நலேன் குட்" என்று அன்போடு சொல்லும் அவ்வெல்லத்தின் மணத்துக்கு ஈடில்லை. ஆனால் மணம் வேறு, குணம் வேறு. கரும்பு வெல்லமாயினும், கருப்பட்டியாயினும், ஈச்ச வெல்லமாயினும், அவற்றில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சர்க்கரைதான். சிறிது தாதுப்பொருள் கூடுதலாக உண்டு. அதற்காக இரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருந்துவிடாது. தேனும் அவ்வாறே. பேரீச்சம்பழத்தில் நார் உண்டு, நன்மையும் உண்டு. எனினும் உலர்ந்த பழத்தின் எடையில் பாதிக்கு மேல் இனிப்பே. ஆகவே வெல்லத்தில் செய்ததைச் "சர்க்கரை இல்லாத பண்டம்" என்று சொல்லிப் பரிமாறுவது, பெயரை மாற்றிப் பழைய சரக்கையே அனுப்புவது போலாகும். பெறுபவர் நம்பி இரண்டு மடங்கு உண்பார். தீங்கும் இரண்டு மடங்கு.

கடைப் பெட்டிகளின்மேல் அச்சிட்டிருப்பதையும் நிதானமாகப் படிக்க வேண்டும். "சுகர் ஃப்ரீ" என்று ஒரு பெட்டி சொல்ல வேண்டுமானால், 100 கிராம் பண்டத்தில் சர்க்கரை வகைகள் அரை கிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்பது வேறு. அதில் பாலுக்கோ பழத்துக்கோ இயல்பாக உள்ள சர்க்கரை இருக்கலாம். இரண்டையும் ஒன்றென எண்ணி வாங்குவோர் பலர்.

அடுத்து, செயற்கை இனிப்புகள். 1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சாக்கரின் என்னும் பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னர் அஸ்பார்டேம், சுக்ரலோஸ் முதலியன வந்தன. இவை சர்க்கரையைவிடப் பல நூறு மடங்கு இனிப்பவை. ஆதலால் சிட்டிகை போதும். நீரிழிவாளர் தம் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அளவோடு பயன்படுத்தலாம். ஆனால் விருந்துக்குச் செய்பவர் சில செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். அஸ்பார்டேம் நெடுநேரம் அடுப்பில் கொதித்தால் இனிப்பை இழந்துவிடும். இறக்கிய பின்னரே சேர்க்க வேண்டும். பிறவியிலேயே பீனைல்கீட்டோன்யூரியா என்னும் குறை உடையோர் அதை உண்ணவே கூடாது. சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவை சேர்ந்த மிட்டாய்களை மிகுதியாகத் தின்றால் வயிறு கழியும். உடல் எடையைக் குறைக்கும் வழியாக இவ்வினிப்புகளை நம்ப வேண்டா என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுரை கூறியது. அவ்வறிவுரை ஏற்கெனவே நீரிழிவு உடையோரைக் குறித்ததன்று. குழந்தைகளும் கூடும் பந்தியில் இவற்றைப் பொதுவாகப் பரிமாறாமல், தனிப் பாத்திரத்தில் வைப்பதே தகும் என்பது நம் கருத்து.

மற்றொன்றும் உண்டு. சர்க்கரையை எடுத்துவிட்டால் பண்டம் இலேசாகிவிடும் என்பதில்லை. ரவை, மைதா, சேமியா, அரிசி ஆகியவை வயிற்றில் செரித்துச் சர்க்கரையாகவே மாறுகின்றன. நெய்யைப் பற்றியோ கேட்க வேண்டா. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தருமானால், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. சர்க்கரையில்லாத மைசூர்பாகு, நெய்யில்லாத மைசூர்பாகு ஆகிவிடாது! பால்கோவாவும் அப்படியே. ஒரு லிட்டர் பாலில் இயல்பாகவே 45 கிராமுக்குக் குறையாத பால் சர்க்கரை உண்டு. பாலைச் சுண்டக் காய்ச்சும்போது நீர் போகிறது. பால் சர்க்கரை அங்கேயே தங்கிவிடுகிறது.

நிற்க. எல்லா நேரத்திலும் சர்க்கரை பகையா என்றால், இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓய்வு விருந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். லோகோ ஷெட்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்திருந்தார். இன்சுலின் போட்டுக்கொள்பவர். உணவு எட்டு மணிக்கு என்று சொல்லியிருந்ததை நம்பி ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பாராட்டுரைகளோ ஒன்பதைத் தாண்டின. பெரியவருக்கு நெற்றி வியர்த்தது, கை நடுங்கிற்று, பேச்சுக் குழறிற்று. அருகிலிருந்த அன்பர், "ஐயாவுக்குச் சர்க்கரை வியாதி" என்பதை நினைவிற் கொண்டு, மிகுந்த அக்கறையோடு சர்க்கரை இல்லாத பர்ஃபி ஒன்றை எடுத்து நீட்டினார். நல்ல வேளையாக, நர்ஸாக இருக்கும் ஒரு சகோதரி ஓடிவந்து, "அது வேண்டாம், அண்ணா! சர்க்கரைத் தண்ணீர் கொண்டு வாருங்கள்!" என்று குரல் கொடுத்தார். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தனர். கால் மணி நேரத்தில் பெரியவர் தெளிந்து, "என்னம்மா, கூட்டம் முடிந்ததா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், ஆனால் நெஞ்சு நடுங்கியது என்னவோ உண்மை.

அன்று நாம் அனைவரும் கற்றது இது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டவர் உரிய நேரத்தில் உண்ணாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும். அப்போது வேண்டியது சுமார் 15 கிராம் உண்மையான சர்க்கரை அல்லது குளுக்கோஸ். 15 நிமிடம் பார்த்துத் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சர்க்கரை இல்லாத இனிப்பு அந்நேரத்தில் உதவாது. நெய்யும் கோவாவும் நிறைந்த பண்டமும் விரைந்து உதவாது. ஆகவே இனிப்பைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியமோ, அதில் என்ன இருக்கிறது என்று அறிந்திருப்பதும் அவ்வளவு முக்கியம்.

சரி, எதைத்தான் எடுத்துச் செல்வது? நமக்குத் தெரிந்த நான்கைச் சொல்லுகிறோம்.

முதலாவது, வங்கம் நமக்குக் கற்றுத் தந்த சந்தேஷ். ஆனால் வீட்டிலேயே, இனிப்பைக் குறைத்துச் செய்தது. ஒரு லிட்டர் பசும்பாலைக் காய்ச்சி இறக்கி, எலுமிச்சைச் சாற்றில் சிறிது நீர் கலந்து மெல்ல ஊற்றினால் பால் திரியும். மெல்லிய துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, அரை மணி நேரம் தொங்கவிட்டால் சுமார் 150 முதல் 200 கிராம் வரை சேனா கிடைக்கும். பால் சர்க்கரையில் பெரும்பகுதி வடித்த நீரோடு போய்விடுகிறது. பால்கோவாவுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அதுவே. அந்தச் சேனாவை உள்ளங்கையால் வழவழப்பாகத் தேய்த்துப் பிசைந்து, 30 கிராம் சர்க்கரையும் ஏலப்பொடியும் கலந்து, சிறு தீயில் ஐந்து நிமிடம் கிளறி, ஓரம் விட்டு வரும்போது இறக்கி அச்சில் அழுத்தினால் 15 சந்தேஷ் ஆகும். கணக்குப் பாருங்கள்: ஒன்றுக்குச் சேர்த்த சர்க்கரை 2 கிராம். கேசரிக் கரண்டியில் 25 கிராம். இங்கே 2 கிராம்! இந்த ஊர் வெயிலில் பால் பண்டம் விரைவில் கெடும். அன்றே செய்து, குளிர்ச்சியாக வைத்திருந்து, வெளியில் எடுத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும்.

இரண்டாவது, பழம். பழம் கொண்டு போனால் நோயாளியைப் பார்க்கப் போவது போல் இருக்கும் என்று சிலர் கூசுகின்றனர். தட்டில் அழகுற அடுக்கினால் அக்கூச்சம் வேண்டியதில்லை. கொய்யா மிக நன்று. 100 கிராமில் சுமார் 9 கிராம் சர்க்கரையும் 5 கிராம் நாரும் உண்டு. மாம்பழத்தில் அதே எடைக்குச் சுமார் 14 கிராம் சர்க்கரை. நாரோ மிகக் குறைவு. ஆதலால் மாம்பழமானால் இரண்டு துண்டு, கொய்யாவானால் ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொள்ளலாம். பப்பாளி, ஆரஞ்சுச் சுளை, பருவத்தில் நாவற்பழம் ஆகியவையும் ஏற்றவை. பிழிந்து சாறாக்க வேண்டா. சாற்றில் நார் போய் இனிப்பு மட்டும் தங்குகிறது.

மூன்றாவது, கெட்டித் தயிர். புளிக்காத தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்துவிட்டு, ஏலமும் குங்குமப்பூவும் சேர்த்து, மாதுளை முத்துகளைத் தூவினால் மகாராஷ்டிரர் ஸ்ரீகண்டின் இலேசான தம்பி அது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை மேலே தூவிக்கொள்வதா வேண்டாவா என்பதை உண்பவரே தீர்மானிக்கட்டும்.

நான்காவது, இனிப்பே அல்லாத ஒன்று. நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டில் சுண்டல் கொடுத்தால் யாரேனும் குறை சொன்னதுண்டா? கடலையும் பயறும் தேங்காய்த் துருவலும் மாங்காய்த் துண்டும் சேர்ந்த ஒரு பாத்திரம், ஏழு இனிப்புகளுக்கு நடுவே காலியாகும் வேகத்தைக் கண்டவர் அறிவர்.

கேசரியும் பாயசமும் அடியோடு ஒழிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நம் முன்னோர் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலையின் ஓரத்தில் முதலில் விழுவது ஒரு சிறு கரண்டிப் பாயசம். மங்கலத்துக்கு ஒரு துளி. பிறகே சோறும் குழம்பும். அளவு அவ்வழக்கத்திலேயே அடங்கியிருந்தது. நாளடைவில் துளியைக் கிண்ணமாக்கினோம், கிண்ணத்தை வாளியாக்கினோம். ஆதலால் இனிப்பு கொண்டு வருவோர் கரண்டியைச் சிறிதாக்கினாலே பாதி வேலை முடியும். எலுமிச்சை அளவு உருண்டையை நெல்லிக்காய் அளவாகப் பிடியுங்கள். வேண்டுவோர் இரண்டு எடுத்துக்கொள்வர். வேண்டாதோர் ஒன்றோடு நிற்பர்.

பார்சல் ஆபீசில் பணிபுரியும் நண்பர்கள் ஒன்றை நன்கு அறிவர். மூட்டையின்மேல் விவரம் எழுதாவிட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. நம் பாத்திரங்களுக்கும் அவ்விதி வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தில், "சந்தேஷ். ஒன்றுக்குச் சர்க்கரை 2 கிராம். பிஸ்தா உண்டு" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். வெல்லமானால் வெல்லம் என்றே எழுதுங்கள். செயற்கை இனிப்பானால் அதன் பெயரை எழுதுங்கள். நீரிழிவாளர் யாரையும் கேட்காமல், யாருக்கும் விளக்கம் சொல்லாமல், தாமே படித்துத் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். அதில் அவருடைய மானமும் காக்கப்படுகிறது.

மானம் என்ற சொல்லை வேண்டுமென்றே சொன்னோம். "மாமாவுக்குச் சர்க்கரை, அவருக்கு வைக்காதே" என்று பந்தி முழுவதும் கேட்கச் சொல்லுவோர் உண்டு. "ஒன்றே ஒன்று, என் கையால் கொடுக்கிறேன், மறுக்கலாமா?" என்று வற்புறுத்துவோரும் உண்டு. இரண்டும் அன்பினால் விளைபவை. இரண்டும் நோகச் செய்பவை. வள்ளுவர் பெருமான் 9-ஆம் அதிகாரத்தில் விருந்தோம்பலைச் சொன்னார். 95-ஆம் அதிகாரத்தில் மருந்தைச் சொல்லும்போது அளவறிந்து உண்ணுதலை வலியுறுத்தினார். அவ்விரண்டு அதிகாரங்களும் ஒரே நூலில் இருப்பதை நாம் மறக்கலாகாது. விருந்தினர் முகம் வாடாமல் காப்பது விருந்தோம்பல் என்றால், அவர் உடல் வாடாமல் காப்பதும் அதனுள் அடங்கும்.

முடிவாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று: இனி வரும் கூட்டு விருந்துகளுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளில் யார் எதைக் கொண்டு வருவது என்று எழுதி வைப்போம், இனிப்பு மூன்று பாத்திரத்துக்கு மேற்பட வேண்டா, அவற்றுள் ஒன்றேனும் இலேசானதாக இருக்கட்டும். இரண்டு: ஒவ்வொரு பாத்திரத்தின்மேலும் விவரச் சீட்டு ஒட்டுவோம். மூன்று: உணவு எத்தனை மணிக்கு என்று அறிவிக்கிறோமோ அத்தனை மணிக்கே பரிமாறுவோம், பேச்சு மிச்சமிருந்தால் உண்ட பின் பேசுவோம். பந்தி மேஜையில் சர்க்கரையும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். வண்டியைக் காலம் தவறாமல் ஓட்டும் துறையைச் சேர்ந்த நமக்கு இது இயலாத காரியம் அன்று.

இவற்றுக்குப் பணச் செலவில்லை. சிறிது கவனம் போதும். காலனியில் மூத்தவர் எட்டுப் பேர், ஒதுங்கிப் போகாமல் நம்மோடு ஒரே வரிசையில் அமர்ந்து, அச்சமின்றி ஓர் இனிப்பை எடுத்து வாயிலிடுவாரானால், அதைவிட இனிய பண்டம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

 மணி எட்டாகப் போகிறது. அறிவித்த நேரமும் அதுவே.